இருநூறு யூனிட்டுக்குள் ஒரு கோடை: எண்ணூறு ரூபாய் கூலரைத் தேற்றிய பதிவு

டெல்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் நின்றால் கரண்ட் பில் பூஜ்யம். 2019 ஆகஸ்டில் வந்த ஏற்பாடு. 201 முதல் 400 வரை போனால் பாதி பில் கட்ட வேண்டும், அதிலும் சலுகை 800 ரூபாயைத் தாண்டாது. அதாவது 201-ஆவது யூனிட்டின் விலை சில நூறு ரூபாய். தெற்கு டெல்லியின் முனிர்காவில் இந்த வீட்டுக்கு வரும்போதே எங்கள் தளத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேட்டுத்தான் வந்தோம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கும் வீடுகளில் இந்தக் கணக்கே செல்லாது.

எங்கள் வீட்டுச் செலவு இப்படி. ஃப்ரிட்ஜ் மாதம் 35 முதல் 40 யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் இரண்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் மாதம் 54. பல்பு, டிவி சேர்த்து 15. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி, என் தையல் மெஷின் மோட்டார் எல்லாம் சேர்ந்து ஓர் 20. ஆக 130-க்குள் அடங்கும். கோடைக்கு மிச்சம் இருப்பது 70 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு எட்டு யூனிட் தின்னும். மாதத்துக்கு அதுவே 240. ஏ.சி.யை யாராவது சும்மா கொடுத்தாலும் எங்களுக்கு ஒத்துவராது.

கூலர் அப்படியில்லை. அது தண்ணீரில் நனைந்த திண்டு வழியே வெளிக்காற்றை இழுத்து உள்ளே ஊதும் பெட்டி. ஃபேன் மோட்டார் 180 வாட், பம்ப் 20 வாட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 2.4 யூனிட், மாதம் 72. கூலர் ஓடும் அறையில் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுவதால் 27 கழியும். மொத்தம் 175. இந்தக் கணக்கைப் பால் நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோதுதான் என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

கபாடிக்காரரிடம் (பழைய சாமான் வியாபாரி) கிடைத்தது, தகரத்தில் செய்த பழைய டெல்லி மாடல். மூன்று பக்கமும் கம்பிவலைக் கதவு, முன்னால் பதினாறு அங்குல ஃபேன், அடியில் ஐம்பது லிட்டர் தொட்டி. ஆயிரத்து இருநூறு சொன்னார், எண்ணூறுக்கு இறங்கினார். அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்தத் தகர டப்பாவுக்கா எண்ணூறு ரூபா குடுத்த? விழுப்புரத்துல இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவாங்கடி" என்றார். பிளாஸ்டிக் கூலரை விட்டு இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தகரத்தில் எது கெட்டாலும் தெருமுனையில் உதிரி கிடைக்கும். பிளாஸ்டிக் உடம்பு வெயிலில் நொறுங்கினால் ஒட்ட வழியில்லை.

வாங்கும்போது பார்த்தது இரண்டுதான். ஒன்று, மோட்டாரின் வாசனை. காயில் கருகியிருந்தால் மூக்குக்கே தெரிந்துவிடும். இரண்டு, இறக்கையைக் கையால் சுற்றி, தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தது. ஆட்டம் இருந்தால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று பொருள். இதில் ஆட்டம் இல்லை, இறுக்கம் மட்டும்தான். இறுக்கத்துக்கு மருந்து என் மெஷின் டிராயரிலேயே இருந்தது: தையல் எண்ணெய், இரு முனையிலும் சில சொட்டு. சமையல் எண்ணெய் விட்டால் சில வாரத்தில் பிசினாகிவிடும்.

முதல் வேலை தொட்டி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பையன் தொட்டிக்குள் டார்ச் அடிக்க, நான் வெளியே குனிந்து பார்த்தேன். அடித்தட்டில் வெளிச்சப் புள்ளிகள் ஆங்காங்கே தெரிந்தன. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டோம். ஒரு மூலையில் மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் தகரம் உதிர்ந்தது. அங்கே சின்ன ஓட்டையைச் சின்னதாகவே விடக் கூடாது. நல்ல தகரம் வரும்வரை குத்தி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுக்கு அடியில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

கம்பி பிரஷ், பிறகு உப்புக்காகிதம். இதில்தான் முக்கால்வாசி உழைப்பு. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை பிடிக்காது. தேய்த்து, சோப்புத்தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தோம். ஏப்ரல் வெயில் அதற்காவது உதவியது. புள்ளி ஓட்டைகளுக்கு எம்-சீலின் இரண்டு களிம்பையும் சம அளவு பிசைந்து, உள்ளேயும் வெளியேயும் அழுத்தினேன். உதிர்ந்த மூலைக்குப் பழைய எண்ணெய் டின்னில் இருந்து உள்ளங்கை அகலத் தகடு வெட்டி, நான்கு சின்ன போல்ட் போட்டு முடுக்கி, ஓரம் முழுக்க எம்-சீல் பூசியாயிற்று. ஒரு நாள் தொடாமல் விட்டு, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன் மேல் கறுப்புக் கூலர் பெயின்ட் இரண்டு பூச்சு. இது தார் கலந்தது. தண்ணீர் நிற்கும் தொட்டிக்குச் சாதாரண எனாமல் பெயின்ட் ஒரு சீசன் தாங்குவதே கடினம். முதல் பூச்சு முழுக்கக் காயாமல் இரண்டாவது அடித்தால் உள்ளே பிசுபிசுப்பு தங்கி, தண்ணீரில் தார் வாடை வரும்.

மோட்டாருக்கு ஸ்விட்ச் போட்டால் "ம்ம்ம்" என்ற முனகல் மட்டும் வந்தது. சுவிட்சை அணைத்து, இறக்கையைக் குச்சியால் ஒரு சுழற்று சுழற்றி உடனே போட்டால் ஓடியது. இது மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் (கெபாசிட்டர்) போனதன் அடையாளம். சில கடைகளில் மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள். காயிலைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் என்றால் எழுநூறு எண்ணூறு, புது மோட்டார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். கண்டன்சர் அறுபது ரூபாய். பழையதன் மேல் 4 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, அதே அளவு வாங்க வேண்டும். கூடுதல் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று கடைக்காரரே சொல்வார். சுற்றாது, சூடேறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் ஒருசேரத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்கலாம்.

உதிரிகளுக்குச் சாந்தினி சௌக்கில் உள்ள மின்சாமான் சந்தையான பகீரத் பேலஸ் போனோம். முனிர்காவில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மஞ்சள் லைன் மாறினால் சாந்தினி சௌக். ஒற்றைக் கண்டன்சருக்காக அங்கே போனால் டிக்கெட்டிலேயே லாபம் கரைந்துவிடும். பம்ப், மூன்று கோர் வயர், மூன்று முள் பிளக், கண்டன்சர் இரண்டு என்று மொத்தமாக வாங்கினால்தான் கட்டுபடி. ஞாயிறு அந்தப் பக்கம் பெரும்பாலும் கடையடைப்பு. அங்கிருந்து நடந்தால் காரி பாவ்லி, மசாலாச் சந்தை. மூட்டை மூட்டையாக வெட்டிவேர். ஒரு பிடி வாங்கிவந்தேன், அதைப் பற்றிப் பின்னால்.

பிளக்கையும் வயரையும் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். தகர உடம்பு, உள்ளே தண்ணீர், பக்கத்தில் கரண்ட், ஈரக் கையோடு குழந்தைகள். ஒவ்வொரு கோடையிலும் கூலர் ஷாக் அடித்து உயிர்போன செய்தி இந்தப் பக்கத்து நாளிதழ்களில் வராமல் இருப்பதில்லை. கபாடிக் கூலரில் இருந்தது இரண்டு கம்பி வயர். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்று கோர் செம்பு வயர் போட்டோம். பச்சை வயரைக் கூலரின் உடம்பில் பெயின்ட் சுரண்டிய வெறும் தகரத்தில், வாஷர் வைத்து போல்ட் போட்டு இறுக்கியது. பெயின்ட் மேலேயே இறுக்கினால் எர்த் கிடைக்காது.

ஆனால் சுவரில் உள்ள மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் இருந்தால்தானே? எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையே பல்பு முழுசாக எரிய வேண்டும், எங்கள் வீட்டில் மின்மினி அளவுக்குத்தான் எரிந்தது. இந்தச் சோதனையை நாமே செய்து பார்க்க வேண்டாம். சில பழைய வீடுகளில் எர்த் துளையை நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். லாம்ப் பளிச்சென்று எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கூலரின் உடம்பு முழுக்கக் கரண்ட். நல்ல எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார்.

எர்த் வயர் புதிதாக இழுக்க முந்நூறு கூலி. அதோடு, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொன்னார், ஆயிரத்து முந்நூறு ரூபாய். கூலரின் விலையை விட அதிகம். வீட்டு ஓனர், "இத்தனை வருஷம் யாரும் கேட்டதில்லையே" என்றார். பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மழுப்பினார். என் வீட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "சரி, முழுசா நாங்களே போடறோம். காலி பண்ணும்போது கழட்டிக்கிட்டுப் போவோம்." மறுவாரம் ஓனரே பாதி கொடுத்தார். பெயின்ட், திண்டு, தொட்டி என்று எதில் வேண்டுமானாலும் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பேன், வயரிலும் எர்த்திலும் மாட்டேன். சீட்டுப் பணத்தில் எடுத்த தொகைதான், மனசார எடுத்தேன்.

ஷாக்கைத் தவிர்க்க வீட்டில் வைத்த விதி ஒன்றே: தண்ணீர் ஊற்ற, கதவு திறக்க, எதற்கானாலும் முதலில் பிளக் வெளியே வர வேண்டும், ஸ்விட்சை அணைத்தால் போதாது. வயரும் கூலரில் இருந்து நேராகப் பிளக்குக்கு இறங்கக் கூடாது. கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

திண்டுக்குக் கடையில் "கூலர் காஸ்" என்று கேட்க வேண்டும். மரத்தைச் சுருள் சுருளாகச் சீவி வலையில் அடைத்தது, மூன்றுக்கு 270 ஆயிற்று. ஹனிகோம்ப் என்று அட்டைத் தேன்கூடு போல் ஒன்று உண்டு. சில வருடம் உழைக்கும், ஆனால் பழைய தகரக் கூலரின் கதவில் உட்காராது. சட்டம் அடித்து மாட்டும் செலவுக்கு மூன்று நான்கு சீசனுக்கு மரச்சுருளே வாங்கிவிடலாம். வாங்கியதை அப்படியே மாட்டக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிரித்துச் சமமாகப் பரப்ப வேண்டும். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே காற்று குறுக்குவழி தேடும், அந்த வழியாக வருவது வெறும் வெயில் காற்று. வெட்டிவேரை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொரு திண்டின் மேல்பக்கமும் செருகினேன். அதனால் குளிர்ச்சி கூடுகிறது என்று சொல்ல மாட்டேன். முதல் சில வாரம் வாசனை வரும், அத்தைக்கும் கூலருக்கும் சமாதானம் ஆனது அதனால்தான்.

மேலே தண்ணீர் சொட்டும் குழாயில் உப்புப் படிந்து துளைகள் அடைத்திருந்தன. மளிகைக்கடையில் கிடைக்கும் நிம்பூ சத் (சிட்ரிக் அமிலம்) இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, தையல் ஊசியால் துளை துளையாகக் குத்தினேன். பம்ப் 260 ரூபாய். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அந்தப் பம்ப் சீக்கிரம் போய்விடும். உறிஞ்சும் வாயில் பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் மரத்தூள் உள்ளே போகாது.

மாட்டிய இடம் பால்கனிப் பக்க ஜன்னல். தமிழ்நாட்டில் இருந்து புதிதாக வருகிறவர்கள் ஏ.சி. பழக்கத்தில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கூலரைப் போடுவார்கள். அரை மணியில் அறை புழுங்கும், கூலரைத் திட்டுவார்கள். கூலர் வெளிக்காற்றை நனைத்து உள்ளே தள்ளுகிறது. தள்ளிய காற்று வெளியேறாவிட்டால் அறையின் ஈரம் ஏறிக்கொண்டே போகும், பிறகு ஆவியாக இடமில்லை. எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்துவைக்க வேண்டும். அதே நேரம் கூலருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்துவிட வேண்டும். நாங்கள் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டித் தைத்து மாட்டியிருக்கிறோம். ஒரு வேட்பாளரின் அரைமுகம் உள்பக்கம் தெரிகிறது, பரவாயில்லை.

போடும் முறையும் உண்டு. முதலில் பம்ப் மட்டும் கால் மணி நேரம், திண்டு முழுக்க நனைந்த பிறகே ஃபேன். காய்ந்த திண்டோடு ஃபேனைப் போட்டால் லூ என்னும் வடக்கத்திக் கோடை அனல்காற்றை நாமே வீட்டுக்குள் கூப்பிட்ட மாதிரி.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வெப்பம் வேண்டும், யூனிட் கணக்கில் சொன்னால் 0.67. அந்த வெப்பத்தைக் காற்றில் இருந்தே எடுத்துக்கொள்ளும். மணிக்கு ஐந்து லிட்டர் ஆவியானால் மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பம் கழிகிறது, நாம் கொடுப்பதோ 0.2 யூனிட் கரண்ட். மே மாதத்தில் வெளியே 42 டிகிரி, காற்றில் ஈரம் இருபது சதவீதத்துக்கும் கீழே இருக்கும் மதியங்களில் கூலர் வாயில் வைத்த தெர்மாமீட்டர் 29, 30 காட்டியது. ஜூன் கடைசியில் மழைக்காற்று வந்து ஈரம் எழுபதைத் தொட்டதும் அதே கூலர் வெறும் ஈரக்காற்று ஊதுகிறது. அப்போது பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுகிறோம்.

தண்ணீர் பற்றி வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வில் இருந்து கழியும் தண்ணீரைக் கூலருக்கு ஊற்றினால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். அதில் உப்பு ஏற்கெனவே அதிகம். கூலரில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பு எல்லாம் தொட்டியிலும் திண்டிலும் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போகட்டும். அரிசி கழுவியதும் வேண்டாம், திண்டு ஊசிப்போகும். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் கூலருக்கு நல்லது, உப்பே இருக்காது. கீழ்வீட்டு ஏ.சி. குழாயில் வாளி வைத்துக்கொள்ள அந்த ஆன்ட்டி அனுமதித்தார். விசித்திரம் என்னவென்றால், கூலர் தாகத்தில் தவிக்கும் மே மாதத்தில் காற்றே காய்ந்திருப்பதால் அந்தக் குழாய் சொட்டுவதே அபூர்வம். வாளி நிரம்பி வழிவது ஜூலையில்.

கடைசியாகக் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், கூலர் தொட்டி அதற்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை முழுக்கக் காலி செய்வது கட்டாயம். வடித்தால் மட்டும் போதாது, முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்து, ஒரு மதியம் வெயிலில் உலரவிட்டு, பிறகு நிரப்ப வேண்டும். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், புழு இருந்தால் நோட்டீஸ். இந்த வேலை எங்கள் பெண்ணுக்கு. சனிக்கிழமை டி.டி.இ.ஏ. (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிக்கு லீவு என்பதால் அவள் தப்ப முடியாது.

செலவு நோட்டில் உள்ளபடி: கூலர் 800, பெயின்ட் 160, ரெட் ஆக்சைடு 90, எம்-சீல் 40, திண்டு 270, பம்ப் 260, கூலருக்குப் போட்ட கண்டன்சர் 60, வயரும் பிளக்கும் 240. மொத்தம் 1920. எர்த்துக்கான கூலியும் ஆர்.சி.சி.பி.யும் 1600, அதில் பாதி ஓனருடையது. இதே அளவுப் புதுத் தகரக் கூலருக்கு முனிர்காக் கடையில் ஆறாயிரத்துக்கு மேல் கேட்டார்கள், அதிலும் வயர் இரண்டு கோர்தான். மே மாத பில்லில் 181 யூனிட். ஜூனில் பிள்ளைகளுக்கு விடுமுறை, பகலிலும் ஓடியது. மாதக் கடைசியில் தினமும் மீட்டரைப் பார்த்து, இஸ்திரியை எல்லாம் நிறுத்திவைத்து, 197-இல் நின்றோம்.

செப்டம்பர் முடிவில் மூட்டை கட்டும்போது, திண்டுகளைக் கழற்றி எறிந்துவிட வேண்டும், அடுத்த வருடத்துக்கு வைத்தால் பூஞ்சைதான் மிஞ்சும். பம்பை நல்ல தண்ணீரில் ஒருமுறை ஓட்டி, துடைத்து, பாலிதீனில் கட்டி உள்ளே வையுங்கள். மோட்டாருக்கு எண்ணெய் இரண்டு சொட்டு, மேலே பழைய போர்வை. தொட்டியைக் காயவைத்துவிட்டுப் பெயின்ட் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்த்து, அங்கே மட்டும் தொட்டுவிட்டால் போதும். மிச்சமான கூலர் பெயின்ட் டின்னை மூடித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஆடை கட்டாமல் அடுத்த ஏப்ரல்வரை இருக்கும்.